திருப்பெருந்துறைக் குருந்தும் அரசன் பொருளும்

மாணிக்கவாசக சுவாமிகளின் சரித்திரத்தைச் சைவப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் ஓரிடத்திற் சிறிது விரைந்து செல்வர். குதிரை வாங்கி வருக என்று பாண்டியன் கொடுத்த பொருளைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையிலே திருக்கோயிற் பணிக்கும் அடியார் பூசைக்கும் செலவிட்டார் என்னும் இடமே அது. அதனை ஒரு வாக்கியத்திற் சொல்லி முடித்து, நரி பரியான அற்புதத்துக்கு உடனே போய்விடுதல் வழக்கம். பிள்ளைகளும் நரியையும் பரியையும் கேட்டு மகிழ்ந்து, இடையில் நின்ற வினாவை மறந்துவிடுவர். யாமும் பல ஆண்டுகள் இவ்வாறே கற்பித்தோம். அவ்வினாவை மறவாத மாணவன் ஒருவன் எமக்கு வாய்த்தமையாலேயே இக்கட்டுரை எழுதலாயிற்று.

வினா இது: ஒரு காரியத்துக்கென்று ஒருவர் நம்பி நம்மிடம் ஒப்புவித்த பொருளை, அதனினும் உயர்ந்ததென்று நாம் கருதும் வேறொரு காரியத்துக்குச் செலவிடலாமா? அவ்வுயர்ந்த காரியம் சிவதொண்டே ஆயினும், அது தகுமா?

இது நூலிலிருந்து மாத்திரம் எமக்கு எழுந்த வினாவன்று. யாம் பணி புரிந்த அறநெறிப் பாடசாலையின் மண்டபக் கூரை பழுதுற்றிருந்தது. பெற்றோரும் பழைய மாணவரும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கூரையைத் திருத்துதற்கென எம் கையில் ஒப்புவித்தனர். அந்நாளில் ஊர்க் கோயிலிற் கும்பாபிஷேகம் நெருங்கிற்று; திருப்பணிக்குப் பொருள் முட்டுப்பட்டது. கேட்டவர்கள் பெரியோர்கள், கேட்கப்பட்டதோ சிவகாரியம். பணம் தந்தவர்களை ஒரு வார்த்தையேனும் கேளாமல், அதனை எடுத்துக் கொடுத்துவிட்டோம். மாரிக்கு முன்னே திரும்பச் சேர்த்துவிடலாம் என்பது எம் எண்ணம். கும்பாபிஷேக நாளிலே எமக்கு மாலையிட்டுக் காளாஞ்சியும் கொடுத்தார்கள். பின்னர் மாரி வந்தது, பணம் வரவில்லை.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒழுக்கில்லாத மூலையிலே பிள்ளைகளை நெருக்கியிருத்தி வாதவூரர் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, அந்தப் பணம் குதிரை வாங்கத்தானே அரசன் கொடுத்தது? கோயிலுக்குச் செலவழிக்க முன்னம் வாதவூரர் அரசனைக் கேட்டவரோ?” என்றான். “எல்லாப் பொருளும் சிவன் பொருளே, தம்பி” என்று விடை கூறினோம். அவன் ஒன்றும் மறுத்துரைத்திலன். மேலே ஒருமுறை நோக்கிவிட்டுத் தன் கொப்பியில் விழுந்த மழைத்துளியைச் சட்டை நுனியால் ஒற்றிக்கொண்டு அமர்ந்தான். எம் கணக்கு அவனுக்குத் தெரியாது. அவன் எம்மைக் குறித்துக் கேட்டானும் அல்லன். ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது. எம் மனமே எம்மைக் குறித்துக் கேட்கத் தொடங்கிவிட்டது.

மறு ஆண்டிலே திருப்பெருந்துறைக்குச் சென்றோம். முன்னரே கொண்டிருந்த விருப்பந்தான்; ஆயினும் இம்முறை வினாவொன்றைச் சுமந்து சென்றோம்.

இத்தலம் இக்காலத்தில் ஆவுடையார்கோயில் என்று வழங்கப்பெறும். தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கியை அடுத்துள்ளது. திருவாவடுதுறை ஆதீனத்தின் பரிபாலனத்துக்கு உரியது. சைவ உலகிலே இத்தலம் தனக்குத் தானே நிகர் என்னலாம். சுவாமி சந்நிதி தெற்கு நோக்கியது. கருவறையிலே ஆவுடையார் உண்டு. அதன்மேற் காணத்தக்க இலிங்கத் திருமேனி இல்லை. சுவாமிக்கு ஆத்மநாதர் என்பது திருநாமம். அம்பிகை யோகாம்பிகை; அச்சந்நிதியிலும் திருவுருவம் இல்லை, திருவடிகளே வழிபடப்பெறுகின்றன. கொடிமரமும் நந்தியும் இங்கே காணப்படா. விழாக்காலத்தில் வீதியிலே எழுந்தருள்பவரும் மாணிக்கவாசகரே. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் அவருக்குரிய பெருவிழாக்கள். அடியவரும் ஆண்டவரும் வேறல்லர் என்னும் உண்மையை வாயாற் சொல்லாது வழக்காற் காட்டுந் தலம் இது.

நிவேதனமும் இங்கே வேறு வகையானது. புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு கருவறைக்கு முன்னுள்ள கல்மேடையிற் பரப்புகின்றனர். கீரையும் பாகற்காயும் உடன் வைக்கப்படுகின்றன. சோற்றிலிருந்து எழும் ஆவியே ஆத்மநாதருக்கு நிவேதனம். ஆவி என்னும் ஒரு சொல் தமிழிலே சோற்றின் ஆவிக்கும் உயிருக்கும் பொதுவாயிருத்தல் அங்கே நின்று பார்ப்பவர்க்கு நன்றாக விளங்கும்.

திருக்கோயிலின் கற்றிருப்பணியைப் பற்றி எழுதாதார் இல்லை. கல்லினாலான கொடுங்கைகளிலே மரச்சட்டங்களும் கம்பிகளும் அவற்றைப் பிணித்த குமிழாணிகளும் மெய்யான மரமும் இரும்பும் போலச் செதுக்கப்பட்டுள்ளன. சிற்பிகள் வேலைக்கு உடன்படிக்கை எழுதும்போது, ஆவுடையார்கோயிற் கொடுங்கை போன்றவை தவிர மற்றெதனையும் செய்து தருவோம் என்று எழுதுவர் எனப் பழைய பேச்சொன்றும் உண்டு. இன்று நாம் காணும் இப்பணிகள் பல காலங்களிற் பலராற் செய்யப்பெற்றவை. அவற்றை அண்ணாந்து பார்த்து நின்றபொழுது, எம் பாடசாலையின் ஒழுகுங் கூரையே எம் கண்முன் வந்தது. வேறொன்றும் அங்கே எம்மால் நினைக்க முடியவில்லை.

பின்பு குருந்தை வணங்கினோம். குருந்து இத்தலத்தின் விருட்சம். எலுமிச்சையின் இனத்தைச் சேர்ந்தது, முள்ளுடையது, வெண்ணிறப் பூப் பூப்பது. ஆலும் அரசும்போல வானளாவிப் படரும் மரமன்று. வறண்ட நிலத்திலே தன்னளவில் நிற்குஞ் சிறு மரம். இதன் நிழலிலேதான் குருமூர்த்தி எழுந்தருளியிருக்க, பட்டாடையும் பரிவாரமும் கருவூலப் பொருளுமாக வந்த தென்னவன் பிரமராயர் அவர் திருவடியில் வீழ்ந்தார் என்பது வரலாறு. அன்றைய மரந்தானா இன்று நிற்பது என்று கேட்பாரும் உளர். மரம் முதிரும், படும், அதன் வழியிலே வேறொன்று தளிர்க்கும். நாம் வணங்குவது மரத்தின் வயதையன்று. அவ்விடத்தில் ஓர் உயிர்க்கு நிகழ்ந்ததை. அங்கே நிகழ்ந்தது யாது என்பதை ஆராய்ந்தால், சிறுவன் கேட்ட வினாவுக்கும் விடை அங்கேயே கிடைக்கும் என்று தோன்றிற்று.

அவ்வினாவுக்கு நம்மவர் வழக்கமாகச் சொல்லும் விடைகள் இரண்டு.

எல்லாப் பொருளும் சிவன் பொருள்; ஆதலின் சிவனுக்குச் செலவிட்டதிற் குற்றம் இல்லை என்பது முதலாவது. யாம் அச்சிறுவனுக்குச் சொன்னதும் இதுவே. முதற்பகுதி மெய், முடிவு அதனாற் பெறப்படுவதன்று. எல்லாம் சிவன் பொருளாயின், கோயிலுக்குப் போன பணம் எவ்வளவு சிவன் பொருளோ, கூரைக்கென்று வைத்த பணமும் அவ்வளவு சிவன் பொருளே. நனைந்த பிள்ளைகளும் சிவனுடைய பிள்ளைகளே. ஒன்றை எடுத்து மற்றொன்றுக்குக் கொடுக்கும்படி நம்மை நியமித்தவர் யார்? இவ்விடையை ஒப்புக்கொண்டால், அயலவன் பெட்டியைத் திறப்பவனும் இதனையே சொல்லித் தப்பலாம். கள்வனுக்கும் உதவும் நியாயம் தொண்டனுக்கு நியாயமாகாது.

ஞானியர்க்கு விதிவிலக்கு இல்லை என்பது இரண்டாவது. இது வலிய விடை. சித்தாந்தத்துக்கு முரணானதும் அன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திச் சத்திநிபாதம் பெற்ற ஆன்மா, யான் எனது என்னும் செருக்கற்று, சிவன் செயலே தன் செயலாக நிற்கும். அந்நிலையில் வாதவூரர் செய்ததை நம் செயல்களை அளக்குங் கோலால் அளத்தல் தகாது. சமயாசாரியர் நால்வருள் ஒருவராகிய சுவாமிகள்மேற் குற்றங்கூறுதல் எம் கருத்துமன்று. ஆயினும் இவ்விடையைப் பிறர்பொருட்டுச் சொல்லலாம். தன்பொருட்டு ஒருவன் சொல்லல் ஆகாது. ‘யான் அந்நிலையில் இருந்தேன்’ என்று சொல்லும்பொழுதே அந்த ‘யான்’ அங்கே இருக்கின்றதன்றோ? கும்பாபிஷேகத்தன்று எமக்கிட்ட மாலையை ஏற்று நின்றவர் யார் என்று எம்மை யாமே கேட்டோம். விடை இனியதாய் இருந்திலது.

இனி, சரித்திரத்தையே ஊன்றி நோக்குவோம். அரசன் பொருளைச் செலவிட்டதோடு அது முடிந்துவிடவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். புராணம் அந்தப் பொருளின் கணக்கை இறுதிவரை விடாமற் கொண்டுசெல்கின்றது. அரசனிடமிருந்து ஓலை வருகின்றது. வாதவூரர் ஒளித்தாரல்லர், வேறு நாட்டுக்குப் போனாரல்லர், செலவிட்டவர் பிறர் என்றாரல்லர். இறைவன் கட்டளையைத் தலைக்கொண்டு மதுரைக்கு மீள்கின்றார். ஆவணி மூலத்திலே குதிரைகள் வருகின்றன, அரசன் ஏற்றுக்கொள்கின்றான். கணக்குத் தீர்ந்தது என்று நாம் நினைக்கும் வேளையில், அன்றிரவே அவை நரிகளாகிப் போய்விடுகின்றன. பரிகள் பரிகளாகவே நின்றிருத்தல் இறைவனுக்கு அரிதோ? அவை நில்லாமை ஏன் என்று யாம் பலகாலும் எண்ணியதுண்டு. நம்பிக்கையின் கடன் தோற்றத்தினால் அடைக்கத்தக்கதன்று என்பதே எமக்குத் தோன்றும் பொருள்.

பின்னர் வாதவூரர் வைகையின் சுடுமணலிலே நிறுத்தப்படுகின்றார். வெள்ளம் பெருகுகின்றது. பிட்டு விற்கும் முதியவளாகிய வந்திக்குக் கரையில் ஒரு பங்கு அளந்து விடப்படுகின்றது. அவளுக்குக் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, கூடையிலே மண் சுமந்து, அரசன் பிரம்படியையும் ஏற்றவர் சோமசுந்தரப் பெருமான். அவ்வடி அரசன்மேலும் பட்டது. எல்லா உயிர்கள்மேலும் பட்டது. இருவரிடையே முறிந்த நம்பிக்கை அவ்விருவரோடு நின்றுவிடாது, ஊர் முழுவதையும் தாக்கும் என்பதும் அதிற் குறிப்பாகும் எனக் கொள்கின்றோம். இது எம் கருத்து. பெரியோர் வேறு பொருள் காண்பாராயின் கேட்கச் சித்தமாயிருக்கின்றோம்.

ஆகவே இச்சரித்திரம் ‘சிவதொண்டுக்கெனின் பிறர் பொருளை எடுக்கலாம்’ என்று அனுமதி கொடுப்பதன்று. அருள் பெற்ற மகானே சுடுமணலில் நிற்க நேர்ந்தது. அவர் பொருட்டு இறைவனே மண் சுமக்க நேர்ந்தது. அருள் பெற்றவர்க்கே கணக்கு இவ்வாறாயின், அருள் பெறாத நமக்கு எவ்வாறாகும்?

குருந்தின்கீழ் நின்றபொழுது எமக்குத் தெளிவாகியது இன்னும் ஒன்று. அங்கே வாதவூரர் முதலிற் கொடுத்தது அரசன் பொருளையன்று, தம்மை. உடலையும் உயிரையும் உடைமையையும் குருவினடியில் ஒருங்கே வைத்தபின், அமைச்சர் என்றொருவர் அங்கே இல்லை. பொருள் போனது அதன் பின்னரே. அவர் அதனால் அமைச்சும் பட்டும் அரசன் அன்பும் இழந்தார். பெற்றது கோவணமும் திருநீறும் சுடுமணலும். எம் செயலில் முறை தலைகீழாயிருந்தது. எம்மை எம்மிடமே வைத்துக்கொண்டு பிறர் பொருளைக் கொடுத்தோம், இழந்தவர்கள் பிள்ளைகள், மாலையும் காளாஞ்சியும் பெற்றவர்கள் யாம். சோற்றின் ஆவியை மாத்திரம் ஏற்கும் பெருமானுக்கு எம் கூரைப்பணம் வேண்டியிருந்ததா? வேண்டியிருந்தது எமக்கே.

சேக்கிழார் சுவாமிகள் இவ்விஷயத்தில் எவ்வளவு கவனமுடையவர் என்பதைப் பெரியபுராணத்திற் காணலாம். அவரும் சோழ அரசிலே அமைச்சராயிருந்தவர். அரசன் பொருளின் இயல்பை அறிந்தவர். சண்டேசுர நாயனார் சரித்திரத்தை நோக்குக. மண்ணியாற்றங்கரையில் ஆத்திமரத்தின் கீழே மணலால் இலிங்கம் அமைத்து, தாம் மேய்த்த பசுக்களின் பாலைத் திருமஞ்சனமாட்டினார் விசாரசருமர். பசுக்களோ ஊரார் பசுக்கள். இங்கும் ஒரு மரம். இங்கும் பிறர் உடைமை. ஆனாற் சேக்கிழார் அவ்விடத்தை விரைந்து கடந்தாரல்லர். பசுக்கள் தாமே அன்பினாற் பொழிந்தன என்றும், உடையவர்களுக்குக் கறக்கும் பாலிற் சிறிதும் குறையவில்லை என்றும் எடுத்துச் சொல்கின்றார். ஊரார் முறையிட்டது குறைவு கண்டன்று. பால் வீணாகின்றதென்று ஒருவன் சொன்ன சொற் கேட்டே. ஒரு குடத்துப் பாலின் கணக்கைக்கூடச் சேக்கிழார் விட்டாரல்லர்.

இடங்கழி நாயனார் சரித்திரமும் அத்தகையது. குருந்து நிற்கும் இப்புதுக்கோட்டை நாட்டையே சேர்ந்த கொடும்பாளூரிலிருந்து ஆண்டவர் அவர். அடியாரை அமுது செய்விக்கும் நியமமுடைய ஒருவர், பொருள் முட்டுப்பட, நள்ளிரவில் அரசனுடைய நெற்பண்டாரத்திலே புகுந்து காவலரால் அகப்பட்டார். நாயனார் அவரை வினவி, நிகழ்ந்ததறிந்து, இரங்கி விடுவித்து, அடியார்கள் பண்டாரத்திலே வேண்டுவன கொள்ளலாம் எனப் பறையறைவித்தார். அறுபத்துமூவருள் வைத்துப் போற்றப்படுபவர் யார் என்று கவனியுங்கள். நெல்லை எடுத்தவரல்லர், தம் நெல்லைத் தாமே மனமுவந்து கொடுத்தவர். கொடுக்கும் உரிமை உடையவனுக்கே உரியது.

பூசலார் நாயனாரோ இவ்வினாவுக்கு முற்றமுடிந்த விடையாய் விளங்குகின்றார். கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், கிடைத்திலது. பிறர் பொருளில் அவர் கை சென்றதில்லை. மனத்திலே கல்லும் மரமும் தேடி, மனத்திலே தச்சரை அழைத்து, மனத்திலே கோயில் எடுத்தார். காஞ்சியிலே கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் கனவிலே இறைவன் தோன்றி, அன்றைய நாள் திருநின்றவூர்ப் பூசலின் கோயிலிற் புகுதற்குரியது என அருளினார். பொருளின்மை சிவதொண்டுக்குத் தடையன்று என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் முன்னோர் வழி இதுவே. வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுகநாவலர் அவர்கள், பிள்ளைகளின் கல்வியைக் கோயில் வழிபாட்டுக்கு வேறான ஒன்றாக எண்ணினாரல்லர். உலைக்கு அரிசியிடும் தாயொருத்தி பாடசாலைக்கென ஒரு பிடியை வேறாக எடுத்துவைத்த பிடியரிசியும் சிவபூசையே. அந்தப் பிடி எதற்கென்று வைக்கப்பட்டதோ அதற்கே போய்ச் சேர்தல்தான் அவள் பூசை நிறைவுறுதல். இடையிலே நின்று அதனை வேறொன்றாக மாற்றுபவன், எவ்வளவு பெரிய கோயிலுக்குக் கொடுத்தாலும், அவள் பூசையைக் குலைத்தவனே ஆவான்.

திருப்பெருந்துறையிலிருந்து மீண்டபின், பெற்றோரைக் கூட்டி நிகழ்ந்ததை மறையாமற் சொன்னோம். சிலர் முகம் கடுத்தது. சிலர், கோயிலுக்குத்தானே போயிற்று, போகட்டும் என்றார்கள். அவர்கள் பெருந்தன்மையை ஏற்றுக்கொண்டு அமைந்துவிட எமக்கும் ஆசை இருந்தது. ஆயினும், கேட்டபின் கொடுக்கும் மன்னிப்பு, கேளாமல் எடுத்ததை முன்னரே கேட்டதாக ஆக்கிவிடாது. எம் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் ஒரு பகுதியை வைத்து அப்பணத்தை நிரப்பினோம். அடுத்த மாரிக்கு முன் கூரை திருத்தப்பட்டது. இதனைப் பெருமையாகச் சொல்கின்றோமல்லேம். கடன் தீர்த்தவனுக்குப் பெருமை ஏது?

ஆசிரிய அன்பர்களே! வாதவூரர் சரித்திரத்தைக் கற்பிக்கும்போது அவ்விடத்தில் விரைந்து செல்லாதீர்கள். மார்கழியிலே திருவெம்பாவைப் பூசைக் காலத்தில் நம் கோயில்களிலே திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லும்போதும், அவ்விடம் வரும்பொழுது சிறிது நில்லுங்கள். பிள்ளை ஒருவன் எழுந்து, அது அரசன் பணமல்லவா என்று கேட்பானாயின், அவனை அடக்காதீர்கள். அவனுடைய நேர்மையை அடக்கிப் பத்தியை வளர்த்தல் இயலாது. ‘ஆம், அரசன் பணந்தான், அதனாலேயே சுவாமிகள் சுடுமணலில் நின்றார், அதனாலேயே நம்பெருமான் மண் சுமந்தார்’ என்று சொல்லுங்கள். தன்னைக் கொடுத்தவன் கொடுத்ததே கொடை. பிறரைக் கொடுத்தவன் கொடுத்தது கடன் என்று விளங்கவையுங்கள். உங்கள் கையிலும் ஏதேனும் ஒரு நிதி இருக்கும். புத்தகத்துக்கென்றோ, விளக்குக்கென்றோ, கூரைக்கென்றோ பிறர் வைத்தது. அதன் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குதல் நன்று.

எம் வகுப்பிலே இப்பொழுது அந்த இடம் வரும்போது யாம் நிறுத்திவிடுகின்றோம். யாரேனும் கேட்கும்வரை காத்திருக்கின்றோம். பெரும்பாலும் ஒருவர் கேட்கின்றார்.

திருச்சிற்றம்பலம்.